பச்சைக் குருத்துக்கு 30 காசு

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிற எங்கள் ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருக்கும். 2007இல் பெயர் மாற்றினார்கள். எனக்கும் என் வயதுக்காரர்களுக்கும் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான். அந்தத் தோட்டம் முழுக்க இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. கடை வரிசையின் மேல்மாடியில் ஒரு குத்தகைக்காரர் ஆபிசில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். தோட்டங்களுக்குக் குலை வெட்டி, லோரியில் ஏற்றி, மில்லுக்கு அனுப்புவது எங்கள் தொழில். 11 லோரி, 140 ஆட்கள்.

2025 ஏப்ரல் முதல் வாரத்தில் முதலாளியின் மகன் ஒரு பில்லைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பெரியவர் ஓய்வெடுத்த பிறகு கணக்கு வழக்கெல்லாம் இந்தத் தம்பிதான் பார்க்கிறார்.

"என்னக்கா இது, பிரிண்டருக்கு மட்டும் மாசம் 581 வெள்ளியா? இனிமே யாரும் என்னைக் கேக்காம பிரிண்ட் எடுக்கக் கூடாதுன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டிடுங்க."

ரிங்கிட்டைத்தான் நாங்கள் வெள்ளி என்போம், நூறு காசு ஒரு வெள்ளி. எனக்கு அந்த நோட்டீஸ் சரியாகப் படவில்லை. பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து காலை ஏழரைக்கு மாடி ஏறி வரும் மண்டோர் (கங்காணி) ஒருவர், ஒரு தாளுக்காகத் தம்பி வரும் பத்து மணி வரை காத்திருக்க முடியுமா? "நோட்டீஸ் வேண்டாம் தம்பி, ஒரு மாசம் குடுங்க, எங்க போகுதுன்னு எண்ணிப் பாத்துச் சொல்றேன்" என்றேன். ஒத்துக்கொண்டார்.

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் கயிறு கோத்து பிரிண்டர் பக்கத்தில் தொங்கவிட்டேன். என்ன அடித்தீர்கள், எத்தனை பக்கம், யாருக்கு என்று மூன்றே கட்டம். முதல் மூன்று நாள் யாரும் தொடவில்லை. பிறகு நானே நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பெரிய மண்டோர் அண்ணனுக்கு எழுத அவ்வளவாக வராது. அவர் குலை எண்ணுகிற மாதிரி நான்கு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு போட்டார். அவர் போடத் தொடங்கியதும் மற்றவர்களும் எழுதினார்கள். அந்த மாதம் முழுக்க மிகச் சரியாக இருந்தது அவருடைய கணக்குதான்.

பில்லை வரி வரியாகப் படித்தபோதே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. எங்களுடையது வாடகை மெஷின். மாத வாடகை 180 வெள்ளி. அதற்கு மேல் அடிக்கிற ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் காசு: கறுப்பு வெள்ளைக்கு 4 காசு, கலருக்கு 30 காசு. இரண்டுக்கும் மெஷினுக்குள் தனித்தனி மீட்டர் ஓடும். மார்ச் மாதம் கறுப்பு 1,640 பக்கம், அது 65 வெள்ளி 60 காசு. கலர் 1,120 பக்கம், அது 336 வெள்ளி.

1,120 பக்கம் கலரா? எங்கள் ஆபிசில் கலரில் அடிப்பதற்கு என்ன இருக்கிறது? தீபாவளி வாழ்த்து அட்டை கூட நாங்கள் கடையில்தான் அடிக்கக் கொடுப்போம்.

அன்று மாலை ஒரு சம்பளச் சீட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர், அடையாள அட்டை எண், வேலை நாள், டன் கணக்கு, இ.பி.எப். (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) என்று எல்லாம் கறுப்பு. மேலே இடது மூலையில் கம்பெனியின் சின்னம், சுண்டுவிரல் நகமளவு ஒரு பச்சைச் செம்பனைக் குருத்து. பக்கத்தில் வேறு எந்தக் கலரும் கிடையாது. மெஷின் 'ஆட்டோ கலர்' என்று வைத்திருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் அதுவே பார்த்து முடிவு செய்யும். ஒரு புள்ளி பச்சை தெரிந்தாலும் அந்தப் பக்கம் முழுதும் கலர் மீட்டரில் ஏறும். நகமளவு குருத்துக்கும் முழுப் பக்கப் படத்துக்கும் ஒரே 30 காசு.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சின்னத்தைப் பெரியவர் ஆசையாக வரையச் சொன்னது. சம்பளச் சீட்டு, பில், லோரி டிரிப் சீட்டு, கடிதம் என்று எல்லாவற்றிலும் அதைப் போட்டது நான்தான். பல வருஷம் ஒவ்வொரு சீட்டுக்கும் 26 காசு கூடுதலாகப் போயிருக்கிறது.

நோட்டுப் புத்தகம் மிச்சத்தைச் சொன்னது. சம்பளச் சீட்டு 140 பேருக்கு இரண்டு நகல், 280 பக்கம். மில்லுக்கும் தோட்டங்களுக்கும் போகிற பில் 90, தலைக்கு மூன்று நகல், 270. டிரிப் சீட்டு 11 லோரிக்கு 26 நாள், 286. மீதி 284 பக்கம் கடிதமும் இமெயிலும். இமெயிலில் என்ன கலர் என்று தம்பி கேட்டார். ஒன்றை எடுத்து அடியில் காட்டினேன். அனுப்பியவரின் முகவரி நீலத்தில் அடிக்கோடு போட்டு இருந்தது. அதுவும் 30 காசு.

போட்டோஸ்டேட்டிலும் இதே கதைதான், இதைப் பலர் கவனிப்பதில்லை. கண்ணாடி மேல் வைத்து நகல் எடுக்கும்போது மெஷினில் தனியாக ஒரு கலர் அமைப்பு இருக்கிறது. அது 'ஆட்டோ'வில் இருந்தால் நீலப் பேனா கையெழுத்துப் போட்ட தாளும் கலர்தான். நம் அடையாள அட்டையான மைகார்டே நீல நிறம். அடையாள அட்டை நகல் ஒவ்வொன்றும் கலரில்தான் விழும். ஆகவே கம்ப்யூட்டரில் மாற்றினால் மட்டும் போதாது, மெஷின் முகப்பிலும் போய் 'கறுப்பு' என்று வைத்துச் சேமிக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் மாற்றும்போது எனக்கு ஒரு வாரம் வீணானது, உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்று சொல்கிறேன். விண்டோசில் பிரிண்டர் அமைப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. 'பிரிண்டிங் பிரிபரன்சஸ்' என்பது அந்த ஒரு ஆளுக்கு மட்டும். 'பிரிண்டர் புராப்பர்டீஸ்' உள்ளே போய் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் இருக்கிற 'பிரிண்டிங் டிபால்ட்ஸ்' என்பதுதான் அந்தக் கம்ப்யூட்டரில் நுழைகிற எல்லோருக்கும். நான் முதலில் சொன்னதை மட்டும் மாற்றிவிட்டு, மாலை வேலைக்கு வருகிற பையன் அடித்ததெல்லாம் ஏன் இன்னும் கலரில் வருகிறது என்று குழம்பிக் கிடந்தேன்.

அடுத்தது இரண்டு பக்கமும் அடிப்பது. இதை எல்லோரும் முதல் யோசனையாகச் சொல்வார்கள். தாள் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் வாடகை மெஷினில் மீட்டர் எண்ணுவது பக்கத்தை, தாளை அல்ல. முன்னும் பின்னும் அடித்தால் இரண்டு கிளிக். மீட்டர் குறைய வேண்டுமென்றால் ஒரு பக்கத்தில் இரண்டை அடக்க வேண்டும். எங்கள் சம்பளச் சீட்டு பாதித் தாளுக்கு மேல் இல்லை. ஏ4 தாளில் மேலே ஒன்று, கீழே ஒன்று அடித்து நடுவில் வெட்டினேன். ஆள் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரும் இரண்டாவது நகலுக்குப் பதிலாக, பக்கத்துக்கு 30 பெயர் உள்ள கையெழுத்துப் பட்டியல் 5 பக்கம். 280 இருந்த இடத்தில் 75 ஆனது. மாதம் முடிந்து 7ஆம் நாளுக்குள் சம்பளம் போய்ச் சேர வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. அந்த நாள்களில் வெட்டுகிற வேலை ஒன்று கூடியதுதான், ஆனால் அடிக்கிற நேரம் அதைவிடக் குறைந்தது.

டிரிப் சீட்டும் பாதித் தாள் ஆனது, 286இலிருந்து 143. பில்லுக்கு மூன்று நகல் ஏன் என்று மில் கணக்குப் பிரிவில் கேட்டேன். 2024 ஆகஸ்ட் 1 முதல், 10 கோடி வெள்ளிக்கு மேல் விற்பனை உள்ள கம்பெனிகளிலிருந்து மின் விலைப்பட்டியல் தொடங்கியதிலிருந்து அவர்களுக்கே தாள் பிடிப்பதில்லையாம். "இமெயில்ல அனுப்புங்கக்கா, தாளை வச்சுக்க எங்களுக்கு எடமில்ல" என்றார்கள். எத்தனை வருஷமாக நாங்கள் அடித்து அனுப்ப, அவர்கள் வாங்கி மூலையில் அடுக்கியிருக்கிறார்கள்! இப்போது எங்கள் கோப்புக்கு ஒன்றே ஒன்று, 90.

ஆட்களின் வருகைப் பதிவான செக்ரோல்தான் எனக்கு மனசுக்கு நெருக்கமானது. அப்பா ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக இருந்தவர். பெரிய நீளப் புத்தகத்தில் பெயர்களை வரிசையாக எழுதி, வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு ஒரு குறி போடுவார். ஒரு புத்தகம், ஒரே பிரதி. தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீசுக்கு மட்டும் ஆபிஸ் சைக்ளோஸ்டைல் மெஷினைப் பெரிய கிராணியிடம் கேட்டு வாங்குவார். மெழுகுத் தாளில் எழுத்தாணியால் எழுதி, உருளையில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றுவார். மை காயும்வரை நானும் என் கூடப்பிறந்த தம்பியும் தாள்களைத் தரையில் பரப்பிக் காவல் இருப்போம். ஒரு தாள் மிதிபட்டாலும் அப்பாவுக்கு முகம் வாடிவிடும். இப்போது எங்கள் செக்ரோல் ஒரு நாளைக்கு 6 பக்கம், மூன்று நகல். எனக்கு ஒன்று, மண்டோருக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று. மாதம் 468. கோப்பில் போடுகிற நகலும் என்னுடையதும் ஒன்றேதான் என்பதும், மண்டோர் அண்ணன் தன் நகலைப் படிக்காமல் என்னிடம் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிறார் என்பதும் நோட்டுப் புத்தகம் தொங்கிய பிறகுதான் தெரிந்தது. இப்போது ஒரே நகல், 156. காலையில் அண்ணனுக்கு நான் படித்துக் காட்டிவிடுகிறேன், ஐந்து நிமிஷம்.

ஜூன் மாத பில் வந்தது. கறுப்பு 1,872, கலர் 48. வாடகையோடு சேர்த்து 269 வெள்ளி 28 காசு. மார்ச்சோடு பார்த்தால் 312 வெள்ளி குறைவு. வருஷத்துக்கு வைத்தால் 3,700 வெள்ளிக்கு மேல் வரும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. ஆக ஒரு வெட்டாளின் இரண்டு மாதச் சம்பளத்தைவிடக் கூடுதல். தம்பி பில்லை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

டோனர் (லேசர் மெஷினின் அச்சுத் தூள்) சேமிப்பு முறையைப் போடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் மாதிரி வாடகையில் டோனரும் அடங்கியிருந்தால் மிச்சம் அவர்களுக்குத்தான், நமக்கு மங்கிய எழுத்துதான் மிச்சம். சொந்த மெஷின் என்றால் பேச்சு வேறு. லோரி நிற்கிற கொட்டகையில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு சின்ன லேசர் இருக்கிறது. டோனர் பெட்டியின் மேல் இத்தனை பக்கம் வரும் என்று போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது ஐ.எஸ்.ஓ. 19752 என்ற அளவுமுறைப்படி, அவர்கள் வைத்திருக்கிற சோதனைப் பக்கத்தை அடித்துப் பார்த்த எண். அந்தப் பக்கத்தில் மை விழும் இடம் தாளில் ஏறக்குறைய நூற்றில் ஐந்து பங்குதான். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, தலைப்புக்குச் சாம்பல் பூசிய நம் படிவத்துக்கு அந்த எண் வரவே வராது. சாம்பல் பூச்சை எடுத்துவிட்டேன், தலைப்பைத் தடித்த எழுத்தாக வைத்தேன். படிக்கவும் இது தேவலை. புது மெஷினோடு வருகிற டோனரில் பெரும்பாலும் தூள் குறைவாகத்தான் இருக்கும், அதையும் மனசில் வையுங்கள். தூள் தீர்ந்தது என்று விளக்கு எரிந்தாலும் உடனே தூக்கிப் போடாமல், வெளியே எடுத்து இடவலமாக மெல்ல ஆட்டிப் போட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

மலிவு என்று ஒரு கடையில் தூள் நிரப்பிய டோனர் வாங்கி ஒருமுறை அவதிப்பட்டோம். முனையில் தூள் கசிந்து, உள்ளே எல்லாம் கறுப்பாகி, டிரம்மில் கீறல் விழுந்தது. டிரம் மாற்றிய காசில் நல்ல டோனர் இரண்டு வாங்கியிருக்கலாம். கடைக்காரர் பொறுப்பேற்கவில்லை. தூள் துணியில் பட்டால் சுடுதண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். அது மையில்லை, நுண்ணிய பிளாஸ்டிக் தூள். சூட்டில் இளகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் உதறி, பிறகு பச்சைத் தண்ணீர்.

அந்தத் தூளை மெஷின் தாளில் எப்படி ஒட்டுகிறது என்று தெரிந்தபோதுதான் எங்கள் ஊரில் ஏன் தாள் இவ்வளவு சிக்குகிறது என்பதும் புரிந்தது. உள்ளே ஒரு சூட்டு உருளை, 180, 200 பாகை வரை போகும். தூள் இளகித் தாளில் பதியும். தாளில் ஈரம் இருந்தால் அந்தச் சூட்டில் ஓரம் சுருண்டு சிக்கிக்கொள்ளும். எங்கள் ஊர் சிலாங்கூர் ஆற்றங்கரை. மழைக் காலத்தில் சுவரைத் தொட்டால் கை நனையும். நாங்கள் தாள் கட்டுகளை உறை பிரித்துச் சிமெண்டுத் தரையில் சுவரோரமாக அடுக்கி வைத்திருந்தோம். நவம்பர் மாதம் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பு அப்பளம் மாதிரி அலையடித்திருக்கும். ஒரு சிக்கலுக்கு மூன்று நான்கு தாள் கிழிந்து போகும். இப்போது கட்டுகள் அலமாரி மேல்தட்டில். ஒன்று முடிந்தால்தான் அடுத்த உறையைப் பிரிப்போம், வெள்ளிக்கிழமை மாலை தட்டில் மிஞ்சிய தாளை உறைக்குள் திரும்ப வைத்துவிடுவோம். 80 கிராம் தாளுக்குப் பதில் 70 கிராம் வாங்கலாம், கட்டுக்கு 500 தாள் அதேதான், விலை குறைவு. ஆனால் ஈர ஊரில் மெல்லிய தாள் சீக்கிரம் வளையும். நான் 80க்கே திரும்பிவிட்டேன்.

எடை மேடையில் இருக்கிற ஊசிப் பிரிண்டரை விட்டுவிடுங்கள் என்று தம்பியிடம் சண்டை போட வேண்டி வந்தது. பழசு, சத்தம், அதைத் தூக்கிவிட்டு லேசர் வைக்கலாம் என்றார். லோரி எடைச் சீட்டு மூன்று அடுக்குத் தாள். ஊசி குத்துகிற அழுத்தத்தில் ஒரே அடியில் மூன்று நகலும் விழும்: ஓட்டுநருக்கு, மில்லுக்கு, நமக்கு. லேசர் தாளை அழுத்தாது, மேல் தாளில் மட்டும்தான் விழும். ரிப்பன் ஒன்று மாற்றினால் பல மாதம் ஓடுகிற அந்த மெஷினை ஏன் தொட வேண்டும்?

மேனேஜர் அறையில் கிடந்த சின்ன இங்க்ஜெட்டை மட்டும் நானே எடுத்து ஓரம் வைக்கச் சொன்னேன். வாரம் ஒருமுறை கூட யாரும் அதில் அடிப்பதில்லை. அடிக்காமல் கிடந்தால் மை மூக்கில் காய்ந்து அடைக்கும். அடைப்பு எடுக்க அதுவே மையைச் செலவழித்துச் சுத்தம் செய்துகொள்ளும். வாங்கிய மையில் பாதி தாளையே பார்க்காமல் போனது. இந்த நாட்டிலும் பக்கத்து நாட்டிலும் ஆட்கள் இங்க்ஜெட்டுக்கு வெளியே மைப் புட்டி வைத்துக் குழாய் விட்டு ஓட்டியதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் பிறகுதான் எப்சன் 2010இல் இந்தோனேசியாவில் தொட்டி வைத்த பிரிண்டரைக் கொண்டுவந்தது. தினமும் அடிக்கிறவர்களுக்கு அது நல்லதுதான். சும்மா கிடக்கப் போகிற இடத்துக்கு லேசர்தான், தூள் காயாது.

வாடகை ஒப்பந்தத்தையும் அப்போதுதான் முழுசாகப் படித்தேன். ஐந்து வருஷம். முடிவதற்கு மூன்று மாதம் முன்னால் எழுத்தில் சொல்லாவிட்டால் தானாக இன்னொரு வருஷம் நீளும் என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. விற்க வந்தவர் அதைச் சொல்லவே இல்லை. அந்தத் தேதியை நாட்காட்டியில் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த முறை, ஆட்டோ கலரை அணைத்துத்தான் மெஷினைத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்வேன்.

ஜூன் மாதத்து அந்த 48 கலர் பக்கம் என்ன என்று தம்பி கேட்டார். அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கீழே பழைய லயத்திலிருந்து ஒரு பாட்டி வருவார். பேத்திக்குப் பிறப்புப் பத்திரம் தாமதப் பதிவு. அவளுக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டும். பாட்டியின் சிவப்பு அட்டை (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தருவது), தாத்தாவின் பழைய தோட்டத்துச் சான்று, கல்யாணப் பத்திரம், ஆயக்கொட்டாயில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) எடுத்த ஒரு படம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மாடிப் படியை ஒவ்வொன்றாக ஏறுவார். ஒரு தடவை போனால் நகல் தெளிவாக இல்லை என்பார்களாம், அடுத்த தடவை இரண்டு பக்கமும் வேண்டும் என்பார்களாம். நிறம் மங்கிய பழைய முத்திரை கறுப்பு வெள்ளையில் தெரியவே தெரியாது. இதைக் கலரில்தான் எடுக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு நகல் சரியில்லாததால் பள்ளிக்கூடத்தில் பெயர் ஏறாமல் நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்கச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்பவர்களுக்கு 30 காசு நகல் காசில்லை. நோட்டுப் புத்தகத்தில் 'பாட்டி, கலர், 6' என்று என் கையால் எழுதினேன். தம்பி அதைப் படித்துவிட்டு, "இதை எழுதவே வேணாம்க்கா" என்றார். நான் எழுதத்தான் எழுதுகிறேன், எண்ணிக்கை எண்ணிக்கைதான்.

போன வாரமும் வந்தார். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் வருகிற மாதிரி வைத்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவர் தாளை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, இட்லி மாதிரி சுடச்சுட வருதே."

"உள்ள அடுப்பு மாதிரி ஒண்ணு இருக்கு பாட்டி."

"அப்ப இன்னும் ஒண்ணு எடு. போன தடவை மாதிரி இல்லாம, கையில ஒண்ணு மிச்சம் இருக்கட்டும்."

எடுத்துக் கொடுத்துவிட்டு, 6 என்று எழுதியதை 7 ஆக்கினேன்.